கீரைக் கூட்டு: மூன்று பக்குவங்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பெரும்பாலும் இலக்கியமும் வரலாறும் பேசப்படும். இன்று கீரைக் கூட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது மிகுந்த மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். நம் வீடுகளில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அடுப்பில் ஏறும் பண்டம் இது. கல்யாண விருந்திலும் இதற்கு இடமுண்டு; காய்ச்சல் விட்டுப் பத்தியத்தில் இருப்பவருக்கும் இதைத்தான் கொடுக்கிறோம். இவ்வளவு பழக்கமான ஒன்றைப் பற்றி நாம் உட்கார்ந்து பேசுவதே இல்லை. பேசாததால் அதற்குள் இருக்கும் அறிவு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீரைக் கூட்டை ஒரு முறையாகக் கற்றவருக்கு, வேலியோரத்தில் முளைக்கும் எந்த உண்ணத்தக்க கீரையும் உணவாகும். அளவுக் குறிப்பாக மட்டும் கற்றவருக்கு, அந்தக் குறிப்பில் எழுதியிருக்கும் ஒரு கீரையோடு சமையல் முடிந்துவிடும். நம் சந்தைகளில் கீரை வகைகள் குறைந்துகொண்டே வருவதற்கு மண்ணும் மழையும் மட்டும் காரணமாகாது. சமைக்கத் தெரியாத கீரையை யாரும் வாங்குவதில்லை. விற்காததைக் கீரைக்காரம்மா கூடையில் வைப்பதில்லை. கூடையில் ஏறாததை யாரும் பாத்தி கட்டி விதைப்பதில்லை. ஆகவே அடுப்படியில் ஒரு முறை மறந்துபோனால் கொல்லையில் ஒரு செடி மறைகிறது.

வயலில் தொடங்கும் கூட்டு

காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நெற்பயிர் நிற்கும்போதே ஈரச் சேற்றில் பயறையும் உளுந்தையும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்துக் களத்துக்குக் கொண்டுபோன பிறகு, அடித்தாள்களுக்கு நடுவே பயறு தலையெடுக்கும். அதற்குத் தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் தை மாசிப் பனியும் போதும். சுமார் 70 நாளில் கைக்கு வந்துவிடும். நெல் தரிசுப் பயறு என்று இதற்குப் பெயர். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தரிசுக்கு ஏற்ற பயறு ரகங்களை உருவாக்கித் தந்திருக்கிறது. பயற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை இழுத்து நிலைநிறுத்துகின்றன. நெல் எடுத்துக்கொண்டதில் ஒரு பங்கைப் பயறு மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கிறது.

அதே வயலின் வரப்பில் தென்னை நிற்கிறது. வாய்க்கால் கரையில் பொன்னாங்கண்ணி படர்கிறது. கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் பாயும் இடத்தில் தண்டுக்கீரையும் பசலையும் வளர்கின்றன. வேலியாக முருங்கையும் அகத்தியும். பருப்பு, கீரை, தேங்காய் மூன்றும் ஒரே குடும்பத்தின் கைக்கெட்டும் தூரத்தில் விளைந்தவை. வெளியிலிருந்து வர வேண்டியவை உப்பு, சீரகம், பெருங்காயம் போன்ற சில பொருள்கள்தான்.

கீரையின் பழைய நிலை வேறு. சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி வருகிறது. பசியால் வாடும், கிணைப்பறை கொட்டும் குடும்பத்துப் பெண் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளியெடுத்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடக் கூடாது என்ற நாணத்தால் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு அதை உண்கிறாள். புறநானூற்றின் 159ஆம் பாடலில் பெருஞ்சித்திரனாரும் தம் வீட்டு வறுமையைச் சொல்லும்போது குப்பைக் கீரையைத்தான் சொல்கிறார். அங்கேயும் உப்பில்லை, மோரில்லை, சோறில்லை. வெறும் கீரை அன்று வறுமையின் அடையாளமாக இருந்திருக்கிறது. அந்த வேளையை நாம் நல்வேளை, தைவேளை என்று அழைத்துக் களையாகப் பிடுங்கிப் போடுகிறோம். கிழக்கு ஆப்பிரிக்காவில் அதே செடியைக் கட்டுக்கட்டாகச் சந்தையில் விலைக்கு விற்கிறார்கள்.

அந்தத் தனிக் கீரையோடு பருப்பும் தேங்காயும் சேர்ந்ததால்தான் கூட்டு என்ற முழு உணவு பிறந்தது. எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் அதன் கலை முழுவதும் இருக்கிறது. மூன்றுக்கும் மூன்று பக்குவம். பருப்புக்கு நேரம் வேண்டும். கீரைக்குத் திறந்த பாத்திரம் வேண்டும். தேங்காய்க்கு ஒரு கொதி போதும். இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம்.

பருப்பு: முதலில், தனியாக

நான்கு பேருக்குக் கூட்டு வைக்க 100 கிராம் பாசிப்பருப்பு போதும். வெறும் வாணலியில் மிதமான தீயில் வாசனை வரும் வரை வறுத்துக்கொள்ளுங்கள். நிறம் சிவக்க வேண்டாம். மணம் எழும்பியதும் இறக்கிவிடலாம். பிறகு இரண்டு தண்ணீரில் அலசி, பருப்பைப் போல மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை மஞ்சள்பொடியும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு அடுப்பில் ஏற்றுங்கள். எண்ணெய் விட்டால் நுரை பொங்கி வழியாது. திறந்த பாத்திரத்தில் பாசிப்பருப்பு 20 முதல் 25 நிமிடத்தில் வெந்துவிடும். துவரம்பருப்பு என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும். அதைக் கொஞ்சம் ஊறவைத்துவிட்டுப் போட்டால் நல்லது.

பருப்பு மலர்ந்திருக்க வேண்டும். குழைந்து கஞ்சியாகிவிடக் கூடாது. விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், கண்ணால் பார்த்தால் பருப்பாகத் தெரிய வேண்டும். குக்கரில் வைப்பவர்கள் பாசிப்பருப்பைத் துவரம்பருப்பின் கணக்கில் விட்டால் இந்தப் பதம் கைதவறிப் போகும்.

பருப்பு வேகும் வரை புளிப்பு எதுவும் அதன் அருகில் வரக் கூடாது. தக்காளி, புளி, மாங்காய், எலுமிச்சை எல்லாமே காத்திருக்க வேண்டியவை. இதற்குக் காரணம் உண்டு. பருப்பின் உயிரணுக்களைப் பெக்டின் என்ற பொருள் ஒட்டிப் பிடித்திருக்கிறது. வெந்நீரில் அது கரைந்தால்தான் பருப்பு மலரும். புளிப்பு இருந்தால் பெக்டின் எளிதில் கரையாது. சுண்ணாம்புச்சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். சில ஊர்களில் எவ்வளவு எரித்தாலும் பருப்பு வேகவில்லை என்று அங்கலாய்ப்பார்கள். அங்கே குற்றம் பருப்பின் மேலோ சமைப்பவர் மேலோ இல்லை, தண்ணீரில் இருக்கிறது. சூட்டிலும் ஈரத்திலும் நெடுநாள் கிடந்த பழைய பருப்பும் இறுகிவிடும். விரைவில் வேகட்டும் என்று சிலர் ஆப்பச் சோடா போடுகிறார்கள். வேகும் என்பது உண்மை. ஆனால் பருப்பிலுள்ள தயாமின் என்ற பி1 உயிர்ச்சத்து அதில் அழிந்துபோகும். நல்ல தண்ணீரும் பொறுமையும் இருந்தால் சோடாவுக்கு வேலையில்லை.

கீரை: திறந்த பாத்திரத்தில், கொஞ்ச நேரம்

கீரை சமையல் கீரையை ஆய்வதில் தொடங்குகிறது. வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு இணுக்காகப் பார்த்து, பழுத்ததையும் பூச்சி அரித்ததையும் தள்ளி, முற்றிய தண்டை ஒதுக்கி வைக்க வேண்டும். பிறகு அகலமான பாத்திரம் நிறையத் தண்ணீர் எடுத்து அதில் கீரையை அமிழ்த்தி அலசி, கீரையை மேலே தூக்கி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தால் அடியில் தங்கிய மணல் திரும்பவும் கீரையிலேயே ஏறிக்கொள்ளும். அடியில் மண் தெரியாமல் போகும் வரைக்கும், மூன்று தண்ணீரானாலும் நான்கு தண்ணீரானாலும், அலச வேண்டும். அலசிய பிறகே நறுக்க வேண்டும். நறுக்கியபின் அலசினால் தண்ணீரில் கரையும் சத்துகள் வெட்டுவாய் வழியாகக் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஆய்ந்த கீரை 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் ஒரே குடும்பம். அவை தாமே தண்ணீர் விடும். அரை டம்ளர் தண்ணீர் கொதிக்கும்போது கீரையைப் போட்டு, மூடாமல், ஐந்து முதல் ஏழு நிமிடம் வேகவிட்டால் போதும். தண்டுக்கீரையில் இளந்தண்டை நறுக்கி முதலில் போட்டு, அது பாதி வெந்த பிறகு இலையைப் போட வேண்டும்.

ஏன் மூடக் கூடாது? இலை சூடேறும்போது அதிலுள்ள அமிலங்கள் ஆவியோடு வெளியேறுகின்றன. மூடி வைத்தால் அவை சொட்டுச் சொட்டாகத் திரும்பப் பாத்திரத்தில் விழும். பச்சையத்தின் நடுவில் மெக்னீசியம் இருக்கிறது. அமிலம் பட்டால் அந்த மெக்னீசியம் கழன்றுவிடும். பளிச்சென்ற பச்சை மங்கி, பழுப்பேறிய பாசி நிறம் வந்துவிடும். நம் பாட்டிமார்கள் பச்சையம் என்ற சொல்லை அறியாவிட்டாலும், மூடி போட்டால் கீரை கறுத்துவிடும் என்பதை அறிந்திருந்தார்கள். கீரையைக் குக்கரில் அடைக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான்.

உப்பைக் கீரை சுருங்கிய பிறகு போடுங்கள். பச்சைக் கீரை பாத்திரம் நிறையத் தெரியும்; வெந்ததும் ஒரு கைப்பிடியாகிவிடும். நிறைந்த பாத்திரத்தைப் பார்த்து உப்பு போட்டால் கூட்டு கரித்துவிடும். கீரைக்கே இயல்பாக ஓர் உப்புச்சுவை உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனி, கீரைக்குக் கீரை பக்குவம் எப்படி மாறும் என்பதைச் சொல்கிறேன். கவனித்துக் கேளுங்கள்; முறை என்று நான் சொல்வதன் பயன் இங்கேதான் தெரியும்.

முருங்கைக்கீரை முரட்டு இலை. காம்பு கூட்டில் விழுந்தால் வாயில் நெருடும். முதல் நாள் இரவே கொத்தைத் துணியிலோ தாளிலோ சுற்றி வைத்தால் காலையில் இலைகள் தாமே உதிர்ந்துவிடும். ஒரு கரண்டி எண்ணெயில் லேசாக வதக்கிவிட்டுப் பிறகு வேகவைத்தால் பச்சை வாடை போகும். இதற்குப் பத்து நிமிடம் வேண்டும்.

அகத்தியும் மணத்தக்காளியும் கசப்பு. கசப்பை முழுக்க விரட்ட வேண்டியதில்லை, அடக்கினால் போதும். அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரில் வேகவைப்பது ஒரு வழி. செட்டிநாட்டில் அகத்திக்கீரைத் தண்ணிச்சாற்றுக்கு இந்தக் கழுநீரும் தேங்காய்ப்பாலும் சேர்ப்பார்கள். இந்தக் கீரைகளுக்குத் தேங்காயைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். ஏகாதசி விரதம் இருந்தவர்கள் மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் சேர்ப்பது இன்றும் பல வீடுகளில் தவறாத வழக்கம்.

பசலை வழவழப்பு. அதை அதிகம் கிளறினால் கூட்டு இழுபடும். துவரம்பருப்பின் கெட்டித்தன்மை அதற்குப் பொருந்தும்.

பருப்புக்கீரை தரையோடு படரும் சதைப்பற்றான கீரை, புளிப்புள்ளது. வறண்ட காலத்தில் அது இரவில் காற்றை உள்வாங்கி அமிலமாகச் சேமித்து வைத்துக்கொண்டு, பகல் வெயிலில் அதைச் செலவழிக்கிறது. அதனால் விடியலில் பறித்த கீரையில் புளிப்பு தூக்கலாகவும், மாலையில் பறித்ததில் குறைவாகவும் இருக்கும். பருப்பைப் பற்றிச் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். புளிப்பு பட்டால் பருப்பு வேகாது. ஆகவே பருப்புக்கீரையைப் பச்சைப் பருப்போடு சேர்த்து ஏற்றக் கூடாது. பருப்பு முழுக்க மலர்ந்த பிறகே போட வேண்டும். புளிச்சகீரைக்கும் இதே விதி. காரணத்தைத் தெரிந்துகொண்டவருக்கு இரண்டு கீரைக்கும் தனித்தனிக் குறிப்பு வேண்டியிருக்காது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தண்டுக்கீரைக் குடும்பத்திலும் பாலக்கிலும் ஆக்ஸலேட் என்ற பொருள் மிகுதி. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஆக்ஸலேட்டில் ஒரு பகுதி குறையும். ஆனால் சத்தில் ஒரு பகுதியும் அந்தத் தண்ணீரோடு போகும். மற்றவர்கள் கீரை வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். அந்த நீரையும் கூட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

தேங்காய்: கடைசியில், ஒரு கொதி

அரை மூடித் தேங்காயைத் துருவி, ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டு பச்சை மிளகாய் வைத்து அரைத்துக்கொள்ளுங்கள். ஊறவைத்த பச்சரிசி ஒரு தேக்கரண்டி சேர்த்து அரைத்தால் கூட்டு நீர்த்துப் பிரியாமல் இழைந்து நிற்கும். இலையில் பரிமாறும்போது கூட்டு ஓடக் கூடாது. வைத்த இடத்தில் தளரத் தளர நிற்க வேண்டும்.

வெந்த பருப்பையும் வெந்த கீரையையும் ஒன்றாக்கி, இரண்டும் கலந்து கொதித்த பிறகே அரைத்த விழுதைச் சேர்க்க வேண்டும். பக்கங்களில் குமிழியிட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. விழுதில் அது நுண்ணிய துளிகளாக நீரோடு கலந்திருக்கிறது. நெடுநேரம் கொதித்தால் துளிகள் ஒன்று சேர்ந்து எண்ணெயாக மிதக்கும். விழுது திரிந்ததுபோல் திப்பிதிப்பியாகும். தேங்காயின் மணமும் ஆவியோடு போய்விடும். யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பால் விட்டுக் கீரை சமைப்பவர்கள் இரண்டாம் பாலில் வேகவைத்து, முதற்பாலை இறக்கும்போதுதான் விடுவார்கள். தேசிக்காய் என்று அவர்கள் சொல்லும் எலுமிச்சையின் புளியையும் அடுப்பை விட்டு இறக்கிய பிறகே விடுவார்கள். அங்கே தேங்காய் பாலாக வருகிறது, இங்கே விழுதாக வருகிறது. இரண்டு இடத்திலும் விதி ஒன்றுதான்.

பிறகு தாளிதம். தேங்காய் எண்ணெயில் கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு பொன்னிறமாகி, ஒரு வற்றல் மிளகாயும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் சேர்ந்து கூட்டின் மேல் விழ வேண்டும். வெயில் காலத்தில் போட்டு வைத்த வடகம் இருந்தால் அதையும் கிள்ளித் தாளிக்கலாம். சேலத்து மாக்கல்லில் கடைந்த கல்சட்டி வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் முன்னதாகவே அடுப்பை அணைத்துவிட வேண்டும். கல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அணைத்த பிறகும் கூட்டு கொதித்துக்கொண்டிருக்கும்.

ஊருக்கு ஊர்

இந்த மூன்று பக்குவங்களையும் கையில் வைத்துக்கொண்டு தென்னாட்டைச் சுற்றிப் பாருங்கள். பாலக்காட்டுத் தமிழ் வீடுகளில் இதே மூன்றும் மொளகூட்டலாகிறது. அங்கே தேங்காயோடு சீரகமும், வறுத்த வற்றல் மிளகாயும் உளுத்தம்பருப்பும் அரைபடும். மொளகூட்டலில் புளிப்பு இல்லாததால் அதைச் சோற்றில் பிசைந்துகொண்டு, தொட்டுக்கொள்ள அரைச்சுக்கலக்கியோ பச்சடியோ புளியிஞ்சியோ வைப்பார்கள். தஞ்சாவூர்ப் பொரிச்ச கூட்டில் மிளகும் உளுந்தும் வறுபட்டுத் தேங்காயோடு சேரும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக இங்கே வந்த பொருள். அதற்கு முன் நம் காரம் பெரும்பாலும் மிளகிலிருந்துதான் வந்தது. திவசச் சமையலில் மிளகாயை விலக்கி மிளகும் பாசிப்பருப்பும் சேர்க்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பழைய கூட்டின் சுவை எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் அந்தச் சமையலை உண்டு பார்க்கலாம்.

திருநெல்வேலியில் அரிசியும் துவரம்பருப்பும் காய்கறியும் முருங்கைக்கீரையும், தேங்காய் சீரக விழுதும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்து கூட்டாஞ்சோறாகும். கொங்குநாட்டில் தேங்காய் ஒதுங்கி, சட்டியும் மத்தும் முன்னே வந்து கீரைக் கடைசலாகும். ஆந்திரத்தில் தோட்டகூர பப்பு என்று தேங்காயில்லாமல் பருப்பும் கீரையும் மட்டும் சேரும். கேரளத்தில் பருப்பும், சீரை என்று அவர்கள் சொல்லும் கீரையும், தேங்காயும் சேர்ந்த கறியை ஏழைவீடு, பெரியவீடு என்ற வேறுபாடு இல்லாமல் வைக்கிறார்கள். ஒவ்வோர் ஊரும் தன் தண்ணீருக்கும் தன் தோப்புக்கும் தன் வாய்ருசிக்கும் ஏற்ப ஒன்றைக் கூட்டுகிறது, ஒன்றைக் குறைக்கிறது. வரிசை மட்டும் மாறுவதில்லை.

குன்னூர் சொன்ன பாடம்

1918-இல் நம் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் ஓர் ஆய்வு தொடங்கியது. பெரிபெரி நோய் ஏன் வருகிறது என்று கண்டறிய ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் அதைத் தொடங்கினார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து, அவை எப்படி வளர்கின்றன என்று அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் சேர்ந்த வடமேற்கு உணவை உண்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாக இருந்த சென்னை மாகாண உணவை உண்டவை வரிசையின் கடைசியில் நின்றன. அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

அந்த முடிவை நாம் வருத்தத்தோடு மட்டும் படிக்க வேண்டாம். சோறு மட்டும் உணவாகாது என்பதே அதன் பொருள். சோற்றோடு எது சேர வேண்டும் என்பதற்கான விடை நம் அடுப்பிலேயே இருக்கிறது. பாசிப்பருப்பில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதம். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசி அதை ஈடுசெய்கிறது. கீரையில் இருக்கும் பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அது உடலில் சேர வேண்டுமானால் கூடவே கொழுப்பு வேண்டும். அந்தக் கொழுப்பைத் தேங்காயும் தாளிதமும் தருகின்றன. வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க 1970-இல் இந்திய அரசு ஒரு தேசியத் திட்டத்தையே தொடங்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையின் மதிப்பு விளங்கும்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. கீரை ஒன்றே இதைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கீரையின் இரும்புச்சத்தில் சிறு பகுதிதான் உடலில் சேரும். இரத்தசோகை உள்ளவர்களுக்கு மருத்துவரின் மருந்து வேண்டும். ஆனால் வைட்டமின் சி கூட இருந்தால் அந்தச் சிறு பகுதி கூடும். கூட்டை இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிவதோ, கூட ஒரு நெல்லிக்காய்ப் பச்சடி வைப்பதோ அதனால் அறிவுள்ள செயல். நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிராம் கீரை உண்ண வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் நான் சொன்ன அளவுக் கூட்டு அதில் பாதிக்கு மேல் தந்துவிடும். மீதியைத் துவட்டலிலோ அடையிலோ இரசத்திலோ சேர்த்துக்கொள்ளலாம்.

நாம் செய்ய வேண்டியது

நண்பர்களே, கூட்டு வைக்க நேரமில்லை என்பதுதான் இன்று நான் அதிகம் கேட்கும் சொல். வேலைக்குப் போகும் பெண்ணின் தலையில் கீரை ஆயும் வேலையையும் சேர்த்துக் கட்டிவிட்டு, பாரம்பரியம் அழிகிறதே என்று மற்றவர்கள் வருந்துவதில் நியாயம் இல்லை. அரை மணி நேரம் கீரை ஆய்வது ஒருவருக்குப் பாரம். மூன்று பேர் உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை. ஆண்கள் ஆயட்டும். பையன்கள் தேங்காய் துருவட்டும். பருப்பு வேகும் நேரத்தில்தான் கீரை ஆய வேண்டும், கீரை வேகும் நேரத்தில்தான் தேங்காய் அரைக்க வேண்டும் என்று வரிசை தெரிந்தவர்களுக்கு முழுக் கூட்டும் முக்கால் மணிக்குள் முடிந்துவிடும்.

பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும்போது அளவோடு நிறுத்தாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள். ஏன் பருப்பு முதலில், ஏன் பாத்திரத்தை மூடவில்லை, ஏன் தேங்காய்க்கு ஒரு கொதி என்று கேட்டு, அவர்களையே விடை சொல்ல வையுங்கள். வேதியியல் வகுப்பில் படிக்கும் அமிலமும் காரமும் அவர்களுக்குச் சட்டியில் கண்ணெதிரே தெரியும். வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர், அறையில் ஒரே ஓர் அடுப்பும் இரண்டு பாத்திரமும் வைத்துக்கொண்டே இதைச் சமைத்துவிடலாம்.

அடுத்ததாக, கீரைக்காரம்மாவிடம் பேசுங்கள். கூடையில் எப்போதும் இருக்கும் கட்டை வாங்குவதோடு நின்றுவிடாமல், "பருப்புக்கீரை கிடைக்குமா அம்மா? மணத்தக்காளி நாளைக்குக் கொண்டுவருவீங்களா?" என்று கேளுங்கள். கேட்டவர் கட்டாயம் வாங்கவும் வேண்டும். பத்து வீடு கேட்டால் அந்தக் கூடை மாறும். கூடை மாறினால் பாத்தி மாறும். பெரிய திட்டமோ மானியமோ இதற்குத் தேவையில்லை. மாடியில் நாலு தொட்டி வைக்க இடமிருப்பவர்கள் ஒரு தொட்டியில் பசலைக் கொடியை ஏற்றிவிடுங்கள். கிள்ளக் கிள்ளத் தழைக்கும்.

இந்த வாரம், இதுவரை உங்கள் வீட்டில் சமைக்காத ஒரு கீரையை வாங்குங்கள். தெரியாத செடி என்றால் தெரிந்தவரிடம் காட்டி, உண்ணத்தக்கது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அதைக் கிள்ளி மென்று பாருங்கள்: புளிக்கிறதா, கசக்கிறதா, வழுக்குகிறதா, முரடாக இருக்கிறதா? அதற்கேற்ற பக்குவத்தை இன்று பேசியதிலிருந்து நீங்களே முடிவு செய்து கூட்டு வையுங்கள். நன்றாக வந்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்து, எப்படிச் செய்தீர்கள் என்பதையும் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.